கார்டு மாத்துற பொண்ணு

"ஏழு" என்று வாய்விட்டுச் சொல்லி, ஏழாவது கார்டின் நெற்றியில் விரலை வைத்தாள் பாக்யலட்சுமி. "இந்தப் பக்கம் ஆறு. அந்தப் பக்கம் எட்டு."

தொடுவதற்கு முன் எண்ணைச் சொல்வது அவள் பழக்கம். பார்க்கிறவர்களுக்குக் கிறுக்கு மாதிரி இருக்கும்; இருந்துவிட்டுப் போகட்டும். நினைவு பிசகி ஆறையோ எட்டையோ உருவிவிட்டால், சுவருக்கு அந்தப் பக்கம் அனலோடு சுற்றிக்கொண்டிருக்கிற சிமெண்ட் சூளை நின்றுபோகும். ஓடுகிற சூளையை நிறுத்தாமல், கெட்டுப்போன கார்டை எடுத்துவிட்டு நல்ல கார்டைச் செருக வேண்டும். அதுதான் அவள் வேலை. அதற்குத்தான் கான்ட்ராக்ட் கம்பெனி அவளை அரியலூரில் போட்டிருந்தது.

ரேக் ரூமில் குளிர் எலும்பைத் தின்றது. ஆளுயர இரும்பு அலமாரிகள். ஒவ்வொன்றிலும் புத்தகம் அடுக்கின மாதிரி, சூளைக்கு உத்தரவு போடுகிற மின்னணுக் கார்டுகள். ஒவ்வொரு கார்டின் முகத்திலும் சின்னச் சின்ன விளக்குகள். எல்லாம் பச்சை. ஏழு மட்டும் சிவப்பு. தன் இடது மணிக்கட்டில் ஒரு நீலப்பட்டை கட்டியிருந்தாள். பட்டையிலிருந்து சுருள்சுருளாக ஒரு கயிறு போய் ரேக்கின் இரும்பைக் கவ்வியிருந்தது. மனுஷ உடம்பில் தெரியாமல் சேர்ந்திருக்கிற மின்சாரம் கார்டைப் பொசுக்கிவிடாமல் அந்தக் கயிறு வழியாக மண்ணுக்குப் போய்விடும்.

ஒருமுறை இதைக் கட்டிக்கொண்டு நிற்கிற போட்டோவை வீட்டில் காட்டினாள். அப்பா போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னாத்தா இது, கன்னுக்குட்டிய மொளக்குச்சில கட்டிப் போட்ட மாதிரி. ஓடிப்போயிருவன்னு பயமா அவனுவளுக்கு?"

கன்ட்ரோல் ரூமில் லேண்ட்லைன் அடித்தது. ஷிப்ட் இன்ஜினியர் குருமூர்த்தி எடுத்தார். "ஆமா... ஆமாங்க... இருக்காங்க" என்று கேட்டது. பிறகு போனை வைக்கிற சத்தம். அவர் ரேக் ரூம் வாசலில் வந்து நின்றார்.

"என்ன சார்? எடுக்கட்டுமா?"

"எடுங்க. அவசரமில்ல. நிதானமா பண்ணுங்க."

கார்டின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு காதையும் பிடித்து இழுத்தாள். கார்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுச் சட்டென்று விட்டது. புதியதை எடுத்தாள். பழையதன் முதுகிலிருந்த குட்டிச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, புதியதிலும் அதேபோல மேலும் கீழுமாகத் தள்ளி வைத்தாள். அலமாரிக்குள் இருந்த குட்டித் தண்டவாளத்தில் நிறுத்தித் தள்ளினாள். 'டக்'. சிவப்பு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

அவளுக்கு இந்த நேரம்தான் பிடிக்காது. கையில் வேலை முடிந்திருக்கும், விளக்கு இன்னும் 'முடிந்தது' என்று சொல்லியிருக்காது. காலை மாற்றி மாற்றி வைத்தாள். நேற்றுச் சாயங்காலம் அப்பா போனில் நெஞ்சு கரிக்கிறது என்று சொன்னது ஞாபகம் வந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போப்பா" என்றாள். "வாயுவா இருக்கும். நீ நாளைக்குக் கார்டு மாத்திட்டு வா, ரெண்டு பேருமா போயி காட்டுவோம்" என்றார். சரி என்று வைத்துவிட்டாள்.

சிவப்பு மஞ்சளானது. மஞ்சள் பச்சையானது.

"வந்துருச்சு சார்."

குருமூர்த்தி தலையாட்டினார். சந்தோஷப்படவில்லை. "ஊர்லேர்ந்து போன் வந்துச்சும்மா. ஒங்கப்பாவுக்கு ஒடம்புக்கு முடியலையாம். கெளம்புங்க."

ரேக் ரூமுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று டிராயரில் போட்டிருந்த போனை எடுத்தாள். முதலில் கண்ணில் பட்டது தம்பி அருள்முருகன் துபாயிலிருந்து அனுப்பியிருந்த குரல் செய்தி. காதில் வைத்தாள். "அக்கா... அப்பா போயிட்டாருக்கா." பிறகு அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும்.

கான்ட்ராக்ட் ஆளுக்குக் கம்பெனி வண்டி அனுப்ப அனுமதி வாங்க வேண்டும். குருமூர்த்தி அதற்கு ஒரு போன் போட்டார், இன்னொரு போன் போட்டார், பிறகு கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு அவளைத் தன் பைக்கிலேயே ஏற்றிக்கொண்டு வந்து பெரம்பலூர் பஸ்ஸில் விட்டார்.

பஸ் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தது. அவள் உட்காரவில்லை. சீட்டு காலியாக இருந்தும் படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றால் சீக்கிரம் போய்விடலாம் என்பதுபோல.

"குன்னம் ஒண்ணு."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தபடி அவள் கையைப் பார்த்தார். "என்னம்மா, ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றியா?"

குனிந்து பார்த்தாள். நீலப்பட்டை மணிக்கட்டிலேயே இருந்தது. ரேக்கிலிருந்து கழற்றிய கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டபோதுதான் உறைத்தது. 'நிதானமா பண்ணுங்க' என்றாரே குருமூர்த்தி. எப்போதும் 'ஆச்சா, ஆச்சா' என்று பிடரியில் நின்று கத்துகிற மனிதர். அவருக்குத் தெரிந்திருக்கிறது. பச்சை விளக்கு எரிகிறவரை அப்பா சாகவில்லை என்று அவர் முடிவு பண்ணியிருக்கிறார்.

துபாய்க்குத் தெரிந்திருக்கிறது. குருமூர்த்திக்குத் தெரிந்திருக்கிறது. கூப்பிடு தூரத்தில் இருந்தவளுக்குத்தான் கடைசியில் வந்து சேர்ந்திருக்கிறது. கயிற்றை விரலில் இறுக்கிச் சுற்றினாள். விரல் நுனி வெளுத்துப்போகிற வரைக்கும்.

வீட்டு வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. கண்ணாடி மூடி வைத்த ஐஸ் பெட்டிக்குள் அப்பாவை வைத்திருந்தார்கள். பெட்டி மேல் மாலைகள். பெரியப்பா சாமிதுரை வாங்கி வந்த மாலைதான் எல்லாவற்றிலும் பெரிது. தலைமாட்டையே மறைத்துக்கொண்டு கிடந்தது. அம்மா மலர்கொடி பெட்டியில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தாள். பெண்கள் பாக்யலட்சுமியைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார்கள். பெரியம்மா கட்டிப்பிடித்து, "ஒன்னய இஞ்சினியராக்கிப் பாத்தாரே, கல்யாணம் பண்ணிப் பாக்கலியே" என்று ராகம் எடுத்தாள்.

பாக்யா அந்தக் கையிலிருந்து நழுவிப் பெரியப்பாவிடம் போனாள்.

"எனக்கு ஏன் பெரியப்பா மொதல்ல சொல்லல?"

"நீ பொட்டப்புள்ள. தனியா பஸ் ஏறி வரணும். பதறிட்டின்னா?"

"துபாய்ல இருக்கறவன் பதறமாட்டானா?"

"அவன் கொள்ளி வைக்கிறவன்மா. டிக்கெட் போட வேணாமா?" அவருக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. "வழியில பிளேன் மாறி, நாளைக்கு விடியக்காலம் திருச்சில எறங்கிருவான். அவன் வந்ததும் எடுத்துருவோம். போ, போயி அம்மாகிட்ட ஒக்காரு."

அவள் உட்காரவில்லை. உள்ளே போனாள், தண்ணீர் குடித்தாள், வெளியே வந்தாள், கொட்டகைக் கயிற்றைச் சரிபார்த்தாள், சேர்களை நகர்த்தினாள், மறுபடி உள்ளே போனாள். பெட்டிப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. "கண்ணுல ஒரு சொட்டு இல்ல பாரு" என்று யாரோ சொன்னார்கள். "படிச்ச புள்ளைவ அப்புடித்தான்" என்று இன்னொருத்தி எடுத்துக் கொடுத்தாள்.

எதிர்வீட்டுச் சின்னம்மாள் அடுப்படிக்கே வந்துவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நெருங்கி நின்றாள்.

"பாக்யா... ஒங்கப்பன் பேரக் கார்டுலேர்ந்து எடுக்கணும்ல?"

"என்ன கார்டு?"

"ரேசன் கார்டுதான். அத எடுக்கறப்ப, அப்புடியே எம் மருமவ பேரயும் எங்க கார்டுல சேத்து வுட்ருடி. ஒரு வருசமா அலையிறேன்."

பாக்யாவுக்குக் கையில் இருந்த சொம்பைச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் இது சின்னம்மாள் செய்த தப்பு இல்லை. அப்பா செய்தது. எம்மவ அரியலூர்ல கார்டு மாத்துற வேலை பாக்குது என்று டீக்கடையில், நூறுநாள் வேலையில், மக்காச்சோளக் களத்தில் எல்லாம் சொல்லி வைத்தவர் அவர்தான். ஊர் அதை ரேஷன் கார்டு என்று எடுத்துக்கொண்டது. சனிக்கிழமை அவள் ஊருக்கு வந்தால், பேர் தப்பு, வயசு தப்பு, கிழிந்துபோச்சு என்று ஆளாளுக்கு மஞ்சள் பையோடு வருவார்கள்.

"ஏம்ப்பா தப்பாவே சொல்லிட்டுத் திரியிற?" என்று ஒருநாள் சண்டை பிடித்தாள்.

"நீ கார்டுதான மாத்துற?"

"அது அந்தக் கார்டு இல்லப்பா. நான் பி.இ. படிச்சிருக்கேன்."

"எந்தக் கார்டா இருந்தா என்னத்தா. பி.இ.ன்னா இவனுவளுக்கு என்னா தெரியும்? கார்டு மாத்துறவன்னா எந்திரிச்சு நின்னு பேசுறானுவ." சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் பீடியைப் பற்றவைத்தார்.

அந்தப் பி.இ.யைப் படிக்க அவள் பட்ட பாடு அவளுக்குத் தெரியும். பொட்டச்சிக்கு எதுக்கு அம்புட்டு என்று கேட்டவர்களில் முதல் ஆள் பெரியப்பா.

"பாக்குறேன் சின்னம்மா" என்று சொல்லி அவளை அனுப்பினாள்.

வெயில் சாய ஆரம்பித்தபோது அம்மாதான் முதலில் கவனித்தாள். பெட்டியில் வைத்திருந்த கன்னத்தை எடுத்துவிட்டுக் கையை வைத்துப் பார்த்தாள். "சத்தம் நின்னுபோச்சு" என்றாள். "ஏங்க, பெட்டிச் சத்தம் நின்னுபோச்சு."

ஓடிக்கொண்டிருந்த மோட்டார் அடங்கியிருந்தது. கண்ணாடியின் உள்பக்கம் வேர்க்கத் தொடங்கியிருந்தது. ஆண்கள் பிளக்கைப் பிடுங்கிச் செருகினார்கள், ஒயரை ஆட்டினார்கள், பெட்டியைத் தட்டினார்கள். பெட்டிக்காரன் அறிவரசன் பைக்கில் வந்து சேர்ந்தான். அவனும் தட்டினான்.

"கரண்ட் வருதுங்க. மோட்டார் எடுக்கமாட்டேங்குது. நான் வாடகைக்கு வுடுறவன், ரிப்பேருக்குத் திருச்சிலேர்ந்துதான் ஆள் வரணும். அவரு நாளைக்குத்தான் வருவாராம்."

"வேற பெட்டி?" என்றார் பெரியப்பா.

"ஒண்ணு வேப்பந்தட்டைக்குப் போயிருக்கு. இன்னொண்ணு மோட்டாரு செத்துப்போயி குடோன்ல கெடக்குங்க."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப யோசிக்க ஒண்ணுமில்ல. பொழுது எறங்குறதுக்குள்ள எடுத்துருவோம். கொள்ளிக்கு எம் பெரிய பையன் இருக்கான்."

"தம்பி வரட்டும்" என்றாள் அம்மா. சத்தமே இல்லாமல்.

"வந்து எதப் பாப்பான்? சித்திரை வெயிலு. காலையில பெட்டியத் தொறக்க முடியாது மலரு."

"நம்ம பாக்யாதான் இஞ்சினியரு படிச்சிருக்குல்ல, அதப் பாக்கச் சொல்லுங்களேன்" என்றாள் சின்னம்மாள்.

"அது கார்டு மாத்துற புள்ள. இது மெசினு" என்றார் பெரியப்பா.

பாக்யா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. கரண்ட் வருகிறது, மோட்டார் எடுக்கவில்லை என்றால் நடுவில் இருந்து உத்தரவு போடுகிற ஒன்று போயிருக்கிறது. குடோனில் கிடக்கிற பெட்டிக்கு மோட்டார்தான் செத்திருக்கிறது. உத்தரவு போடுகிறது உயிரோடு இருக்கும். வாயைத் திறந்தால் போதும்.

அவள் திறக்கவில்லை. எல்லோரும் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்? டிப்ளமாவைப் பாதியில் போட்டுவிட்டுப் பறந்தவனுக்காக. அவன் வந்தால்தான் நெருப்பு, அவன் வந்தால்தான் எல்லாம். பக்கத்தில் இருந்தவளுக்கு ஒரு போன் போட ஆள் இல்லை. சும்மா நின்றால் போதும். பொழுது இறங்கும், தூக்கிவிடுவார்கள். அவனும் வந்து வெறும் பந்தலைப் பார்க்கட்டும். தாமதமாக வருவது எப்படி இருக்கிறது என்று அவனுக்கும் தெரியட்டும்.

கையில் போன் அதிர்ந்தது. அருள். வீடியோவில் அவன் முகம் வீங்கியிருந்தது. பின்னால் விமான நிலையத்தின் வெள்ளை வெளிச்சம்.

"அக்கா, ஏறச் சொல்லிட்டாங்க. இனிமே போன் எடுக்காது. பெரியப்பா என்னமோ சொல்றாருக்கா, இன்னிக்கே எடுக்கறோம்னு..." குரல் உடைந்தது. "நான் வர்ற வரைக்கும் அப்பாவ வச்சிருப்பீங்கல்ல?"

அவள் அவனையே பார்த்தாள். அவனுக்கு அப்பாவின் காது. ரெண்டு பக்கமும் விறைத்துக்கொண்டு நிற்கிற காது.

"ஏறுடா. போன வையி."

வைத்துவிட்டு அறிவரசனிடம் போனாள். "குடோன்ல கெடக்கற பெட்டியும் இதே மாடலா?"

"ஆமாங்க. ரெண்டும் ஒண்ணா வாங்குனது."

"அதோட தலைமாட்டுத் தகடக் கழட்டுங்க. பச்சையா, உள்ளங்கை அகலத்துல ஒரு கார்டு இருக்கும். ஒயர் எல்லாத்தையும் உருவிட்டு அத மட்டும் கொண்டாங்க. வெறுங்கையில நடுவுல தொடாதீங்க, ஓரத்தப் புடிங்க. போங்க, சீக்கிரம்."

அவன் பெரியப்பாவைப் பார்த்தான்.

"அவர என்னத்தப் பாக்குறீங்க? போங்கன்றேன்ல."

பைக் கிளம்பியது. அவள் பிளக்கைப் பிடுங்கப் போனாள். பெரியம்மா குறுக்கே வந்தாள். "அய்யய்யோ, கரண்ட நிறுத்தாதடி!"

"ஓடாத பெட்டிக்குக் கரண்ட் எதுக்கு பெரியம்மா?"

"சாஸ்திரத்துக்காவது இருக்கட்டும்டி."

பிடுங்கினாள். தலைமாட்டில் கிடந்த பெரிய மாலையைத் தூக்கினாள். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. வாடாமல் இருக்கப் பூக்காரன் தெளித்த தண்ணீர், அதன்மேல் வருகிறவர்கள் எல்லாம் ஊற்றிய பன்னீர். மாலையை எடுத்ததும் கண்ணாடிக்குள் அப்பாவின் முகம் இருந்தது. நெற்றியில் காசு. மூக்கில் பஞ்சு. தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, பல்வலிக்காரர் மாதிரி இருந்தார். காலையிலிருந்து அவள் பார்க்காமல் சுற்றிக்கொண்டிருந்த முகம். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து தலைமாட்டுத் தகட்டின் திருகுகளைக் கழற்றினாள்.

உள்ளே கார்டு நனைந்து கிடந்தது. ஒரு மூலை கருகியிருந்தது. நடுவில் ஒரு சாமந்தி இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மாலைத் தண்ணி எறங்கிருக்கு" என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. பெரியப்பா தன் மாலையை எடுத்துக்கொண்டுபோய்ப் பந்தல் காலில் மாட்டினார். மாட்டிவிட்டு அங்கேயே நின்றார்.

அறிவரசன் வருவதற்குள் உள்பக்கத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தாள். அவன் கார்டை அம்மன் கோவில் பிரசாதம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி வந்தான். அவள் மணிக்கட்டில் பட்டை இருந்தது. கைக்குள் சுருட்டி வைத்திருந்த கயிற்றை உதறி, அதன் பல்லைப் பெட்டியின் இரும்பில் கவ்வக் கொடுத்தாள்.

"பழசுல மூணாவது சுவிட்சு மேல" என்று வாய்விட்டுச் சொன்னாள். "புதுசுல கீழ கெடக்கு." தள்ளிவிட்டாள். "செவப்பு ஒயரு. கறுப்பு. மோட்டாருக்குப் போறது." கூட்டம் சுற்றி நின்று பார்த்தது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

சின்னம்மாள் எட்டிப் பார்த்தாள். கீழே வைத்திருந்த கருகிய பலகையைக் காட்டினாள். "என்னாடி இது?"

"கார்டு."

"இதா?" சின்னம்மாள் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பேரும் இல்லை, போட்டோவும் இல்லை. "இதத்தான் நீ மாத்துறியா?"

"இதத்தான்."

தகட்டை மூடித் திருகினாள். பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்தில் உட்கார்ந்து பிளக்கைச் செருகினாள். சின்ன விளக்கு சிவப்பாக எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா பந்தல் காலில் இருந்து ஒரு அடி முன்னால் வந்தார்.

பெட்டி ஒருமுறை உலுக்கிக்கொண்டது. மோட்டார் எடுத்தது.

அம்மா மறுபடி கன்னத்தை வைத்துக் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். யாரோ ஒருத்தி அழுகையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

பாக்யா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே முதுகைப் பெட்டியில் சாய்த்துக்கொண்டாள். பெட்டியின் நடுக்கம் முதுகெலும்பில் ஏறியது. காலையிலிருந்து ஓயாத கால் இரண்டும் நீட்டிக் கிடந்தன. "எந்திரிச்சு வந்து ஒரு வாய் காப்பி குடி" என்று பெரியம்மா கூப்பிட்டாள். அவள் தலையை ஆட்டினாள். வரவில்லை. கடைசியில் பெரியம்மாவே டம்ளரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, நீலப்பட்டையையும் கயிற்றையும் பார்த்தாள். கழற்றச் சொல்ல வாயெடுத்தவள், டம்ளரை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்திவிட்டுப் போனாள்.

பொழுது இறங்குகிற நேரத்தில் விக்கிரமங்கலத்துச் சொந்தக்காரர் ஒருவர் மாலையோடு வந்தார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகத் தலைமாட்டுக்கு வந்து, சொட்டச் சொட்ட மாலையைத் தூக்கினார்.

"அங்கன வைக்காதய்யா!" சின்னம்மாள் பெண்கள் நடுவிலிருந்து கையை நீட்டிக் கத்தினாள். "அங்க கார்டு இருக்கு. கால்மாட்டுல வையி."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாலையைத் தூக்கிப் பிடித்தபடியே, பெட்டிக்கும் பாக்யாவின் கைக்கும் நடுவில் கிடந்த கயிற்றை மிதிக்காமல் காலைத் தூக்கித் தாண்டி, அந்தப் பக்கம் போனார்.